மனநல இழப்பீடு எந்த நாளிலிருந்து? அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் தேதி மேல்முறையீடு

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறை அனுப்பும் முடிவுக் கடிதத்தில் எல்லோர் கண்ணும் முதலில் போவது சதவீதத்துக்குத்தான். 30, 50, 70 என்று ஓர் எண் இருக்கும். அதே வரியில் ஒரு தேதியும் இருக்கும். போர்முனையிலிருந்து திரும்பி பதினைந்து ஆண்டுகளாகத் தூக்கமில்லாமல் தவித்த ஒருவருக்கு, போன வருடத் தேதி போட்டு 70 சதவீதம் வந்தால் குழப்பம் வருவது இயல்பு. "நோய் அப்போதே இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்புறம் பணம் மட்டும் ஏன் போன வருடத்திலிருந்து?" என்ற கேள்வி நியாயமானது. அதற்குச் சட்டம் தரும் பதில் பலருக்கும் தெரிவதில்லை. தெரியவரும்போது மேல்முறையீட்டுக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கிறது.

தமிழர்களுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. வெளிநாட்டவரைப் படையில் சேர்க்க 2008-இல் தொடங்கி 2016-இல் புதிய சேர்க்கை நிறுத்தப்பட்ட 'மாவ்னி' திட்டத்தில் அமெரிக்க ராணுவம் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்த வழியாகச் சேர்ந்து பணி முடித்தவர்களுக்கும், அங்கேயே பிறந்து படையில் சேர்ந்த பிள்ளைகளுக்கும் கீழே சொல்லும் விதிகள் அப்படியே பொருந்தும்.

சதவீதம், தேதி: இரண்டும் தனித்தனி

படைவீரர் நலத் துறையை எல்லோரும் வி.ஏ. என்றே சொல்கிறார்கள். பணிக்காலத்தில் ஏற்பட்ட அல்லது மோசமடைந்த நோய்க்கு அது மாதாமாதம் வரியில்லா இழப்பீடு தருகிறது. அதைப் பெற மூன்று விஷயங்கள் நிரூபணமாக வேண்டும்: இப்போது நோய் இருக்கிறது, பணியில் ஒரு சம்பவம் நடந்தது, அந்தச் சம்பவத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு. இதைப் 'பணித் தொடர்பு' என்போம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயான பி.டி.எஸ்.டி.க்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு. அந்த நோயைத் தூண்டிய சம்பவம் உண்மையில் நடந்தது என்பதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் வேண்டும்.

பணித் தொடர்பு ஏற்கப்பட்ட பிறகு சதவீதம் வருகிறது. உண்ணுதல் கோளாறுகள் நீங்கலாக எல்லா மனநோய்க்கும் ஒரே அளவுகோல்தான்: 0, 10, 30, 50, 70, 100. 30 என்றால் வேலைத்திறன் அவ்வப்போது குறைகிறது. 50 என்றால் ஒருவரை நம்பி வேலை கொடுக்க முடியாத நிலை அடிக்கடி வருகிறது. 70 என்றால் வேலை, குடும்பம், தீர்மானிக்கும் திறன், சிந்தனை, மனநிலை ஆகியவற்றில் பெரும்பாலானவற்றில் குறைபாடு. 100 என்பது வேலையிலும் சமூக வாழ்விலும் முழு இயலாமை.

மூன்றாவது கேள்விதான் நம்முடையது: பலன் எந்த நாளில் தொடங்குகிறது? இதைத் தொடக்கத் தேதி என்று அழைப்போம். அந்தத் தேதிக்கு அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து பணம் கணக்காகும். 2025-ஆம் ஆண்டுக் கட்டண விகிதப்படி, குடும்பச் சார்பாளர் இல்லாத ஒருவருக்கு 30 சதவீதத்துக்கு மாதம் 537.42 டாலர்; 70 சதவீதத்துக்கு 1,759.19 டாலர். வித்தியாசம் மாதத்துக்கு 1,220 டாலருக்கு மேல். தேதி ஓராண்டு பின்னால் போனாலே ஒரு குடும்பத்தின் கடன் தீரும் அளவுக்குத் தொகை மாறுகிறது. ஆனால் நிலுவை அந்தந்த ஆண்டின் விகிதப்படியே கணக்கிடப்படும். எத்தனை ஆண்டு தாமதமானாலும் வட்டி கிடையாது.

பொது விதி: எது பிந்தியதோ அது

சட்டத்தின் மையம் ஒரே வாக்கியம். விண்ணப்பம் வி.ஏ.வின் கைக்கு வந்த நாள், தகுதி உருவான நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதுவே தொடக்கத் தேதி. நோய் 2006-இலேயே இருந்து, விண்ணப்பம் 2021-இல் போயிருந்தால் 2021-தான். நோய் எவ்வளவு பழையது, எவ்வளவு கடுமையானது என்பதெல்லாம் இங்கே எடுபடாது. அதனால்தான் மேல்முறையீட்டில் "எனக்கு அப்போதே நோய் இருந்தது" என்று மட்டும் எழுதுகிறவர்கள் தோற்கிறார்கள். அதை வி.ஏ. பல நேரம் மறுப்பதே இல்லை. "அப்போது எங்களிடம் என்ன காகிதம் இருந்தது?" என்பதுதான் அதன் கேள்வி.

'தகுதி உருவான நாள்' என்ற பாதியில்தான் வி.ஏ. அடிக்கடி தவறு செய்கிறது. மருத்துவர் அறிக்கை எழுதிய நாளையோ, வி.ஏ. ஏற்பாடு செய்த பரிசோதனை நடந்த நாளையோ தகுதி உருவான நாளாகக் கொண்டுவிடுகிறார்கள். இது சரியல்ல. முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டின் மெக்ரா வழக்கிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது: ஆதாரம் எப்போது வந்தது என்பது தேதியைத் தீர்மானிப்பதில்லை, அந்த ஆதாரம் எந்தக் காலத்து நிலையைக் காட்டுகிறது என்பதே முக்கியம். 2024-இல் எழுதிய அறிக்கை 2021-இன் நிலையை விளக்கினால், அது 2021-க்கான ஆதாரம். உங்கள் கடிதத்தில் தொடக்கத் தேதியும் பரிசோதனைத் தேதியும் ஒன்றாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள்.

பொது விதியைத் தளர்த்தும் வழிகள் சில உண்டு.

1. பணியிலிருந்து வெளியேறிய ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், வெளியேறிய மறுநாளிலிருந்தே பலன் தொடங்கலாம்.

2. ஏற்கெனவே இருக்கும் சதவீதத்தை உயர்த்தக் கேட்டால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நோய் மோசமானதைக் காட்ட முடிந்த நாள்வரை பின்னால் போகலாம். இதில் ஒரு பொறி உண்டு. மோசமான மாற்றம் அந்த ஓராண்டுக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும். இரண்டாண்டுக்கு முன்பே மோசமாகிவிட்டது என்று நிரூபித்தால் இந்தச் சலுகை கிடைக்காது. விண்ணப்பத் தேதிதான் மிஞ்சும். 2010-இல் காஸ்டன் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்.

3. 'இன்டென்ட் டு ஃபைல்' என்னும் முன்னறிவிப்பு. விண்ணப்பிக்கப் போகிறேன் என்று தெரிவித்துவிட்டு ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுத்தால், முன்னறிவிப்பு கொடுத்த நாளே விண்ணப்ப நாளாகக் கருதப்படும். தொலைபேசியில் சொன்னாலும் போதும். இது 2015 மார்ச் 24 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்பு, பலன் கேட்கும் எண்ணம் தெரியும்படி எழுதிய சாதாரணக் கடிதமே முறைசாரா விண்ணப்பமாக ஏற்கப்பட்டது. பழைய கோப்புகளைப் புரட்டுகிறவர்களுக்கு அந்த ஆண்டு முக்கியமான எல்லைக்கோடு.

4. சட்டம் தளர்த்தப்பட்டதால் தகுதி வந்தவர்கள் சில நிபந்தனைகளோடு ஓராண்டு பின்னால் போகலாம். பி.டி.எஸ்.டி. 1980-இல்தான் மனநோய்ப் பட்டியலில் இடம்பெற்றது, வி.ஏ. அதைத் தன் அட்டவணையில் சேர்த்தது 1980 ஏப்ரல் 11-இல். அன்று முதல் இடைவிடாமல் நோயின் எல்லா அளவுகோல்களையும் நிறைவு செய்தவர் என்று காட்டக்கூடிய வியட்நாம் காலத்து வீரர்களுக்கு இது உதவலாம்.

நோயே தாமதத்துக்குக் காரணம் என்றால்?

மனநோயில் இந்த விதி எவ்வளவு கொடுமையாக இறங்குகிறது என்பதைச் சொல்லாமல் நகர முடியாது. முழங்கால் உடைந்தவர் மருத்துவரிடம் போவதை முழங்கால் தடுப்பதில்லை. பி.டி.எஸ்.டி.யில், நடந்ததை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது நோயின் ஓர் அடையாளம். விண்ணப்பமோ, நடந்ததைத் தேதியோடும் இடத்தோடும் எழுதித் தரச் சொல்கிறது. படைக்குள்ளேயே பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்களுக்கு அந்தப் படிவம் இன்னும் பெரிய மலை. மாயத்தோற்றங்களோடு வாழ்கிறவர் காலக்கெடுவை எப்படிக் கணக்கு வைப்பார்?

இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கடற்படையில் 1977 முதல் 1981 வரை பணியாற்றிய ஒருவர் அரெயானோ வழக்கின் மனுதாரர். விமானந்தாங்கிக் கப்பல் மோதியபோது கடலுக்குள் விழ இருந்து தப்பியவர். அதிலிருந்து கடும் மனநோய். பணியை விட்டு முப்பது ஆண்டு கழித்து 2011-இல்தான் அவர் சார்பில் விண்ணப்பம் போனது. வி.ஏ. பணித் தொடர்பை ஏற்றது, 2011-ஐத் தொடக்கமாகக் கொடுத்தது. நோயே விண்ணப்பிக்க விடவில்லை, ஆகவே பணியிலிருந்து வெளியேறியவருக்கு உள்ள அந்த ஓராண்டுக் கெடுவை நியாயத்தின் பேரில் நீட்ட வேண்டும் என்று வாதிட்டார்கள்.

2023 ஜனவரி 23-இல் நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமித்து மறுத்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பாரெட். பொது விதிக்கான விலக்குகளை நாடாளுமன்றம் ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலிட்டிருக்கிறது, அதில் இல்லாத ஒரு விலக்கை நீதிமன்றம் சேர்க்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சட்ட வாசகத்தைப் பார்த்தால் அந்த வாசிப்பில் குறை காண்பது கடினம். ஆனால் அதன் விளைவு அநியாயமானது என்பதே என் கருத்து. அதைத் திருத்தும் அதிகாரம் இனி நாடாளுமன்றத்திடம் மட்டுமே இருக்கிறது. இன்றைய தேதியில் "நோயினால் தாமதித்தேன்" என்ற வாதத்தை மட்டும் நம்பி மேல்முறையீடு செய்யாதீர்கள். இனி சொல்லப்போகும் கதவுகளில் ஒன்று திறக்குமா என்று பாருங்கள்.

கடிதம் வந்து ஓராண்டு: சங்கிலி அறுபடக் கூடாது

2017-இல் இயற்றப்பட்ட மேல்முறையீட்டுச் சீர்திருத்தச் சட்டம் 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, முடிவு பிடிக்காதவருக்கு மூன்று பாதைகள்.

1. துணை விண்ணப்பம். புதிய, பொருத்தமான ஆதாரம் வேண்டும். படிவ எண் 20-0995.

2. உயர்நிலை மறுஆய்வு. அனுபவம் மிக்க வேறொரு அதிகாரி அதே கோப்பைப் புதிதாகப் பார்ப்பார். புதிய ஆதாரம் சேர்க்க முடியாது. தொலைபேசியில் ஒருமுறை பேசிப் பிழையைச் சுட்டிக்காட்டலாம். படிவம் 20-0996.

3. மேல்முறையீட்டு வாரியம். நேரடி ஆய்வு, 90 நாளுக்குள் ஆதாரம் சேர்த்தல், நீதிபதி முன் விசாரணை என அதில் மூன்று உட்பிரிவுகள். படிவம் 10182.

ஒவ்வொரு முடிவு வந்த பிறகும் ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு பொருத்தமான பாதையில் அடுத்த அடியை வைத்தால், முதல் விண்ணப்பத் தேதி உயிரோடு இருக்கும். சட்டம் இதைத் 'தொடர்ச்சியாக வழக்கை நடத்துதல்' என்கிறது. இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை வென்றாலும், சங்கிலி அறுபடாமல் இருந்தால் தேதி முதல் விண்ணப்பத்துக்கே போகலாம். ஓராண்டு தாண்டிய பிறகும் துணை விண்ணப்பம் போடலாம்தான், ஆனால் அது வந்து சேர்ந்த நாளே புதிய எல்லை. வாரியத்தின் முடிவுக்கு எதிராக மேல்முறையீட்டு நீதிமன்றம் போவதென்றால் 120 நாள் கெடு. உயர்நிலை மறுஆய்வுக்குப் பின் மறுபடியும் அதே மறுஆய்வு கேட்க முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கெடு முடிந்த பிறகு பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "முந்தைய தேதி வேண்டும்" என்று தனியாக ஒரு புது விண்ணப்பம் எழுதுவார்கள். 2006-இல் வந்த ரட் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு அப்படி ஒரு விண்ணப்பமே கிடையாது. இறுதியாகிவிட்ட முடிவின் தேதியைத் தனி மனுவால் தொட முடியாது. அதாவது, தேதியில் குறை இருந்தால் சண்டையை அந்த முதல் ஓராண்டுக்குள்ளேயே தொடங்க வேண்டும். 70 சதவீதம் கிடைத்த மகிழ்ச்சியில் கடிதத்தை மடித்து வைத்துவிடுபவர்கள் இழப்பது இதைத்தான்.

ஓராண்டு கடந்துவிட்டதா? மிச்சமிருக்கும் கதவுகள்

முதலாவது, 'மறுக்கமுடியாத தெளிவான பிழை'. வழக்கறிஞர்கள் இதை 'கியூ' என்பார்கள். பழைய முடிவு எடுக்கப்பட்ட நாளில் கோப்பில் இருந்த ஆதாரமும் அன்றைய சட்டமும் மட்டுமே கணக்கு. அன்று தெரிந்த உண்மையைக் கவனிக்காமல் விட்டார்கள், அல்லது சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார்கள், அந்தப் பிழை இல்லாவிட்டால் முடிவு நிச்சயம் வேறாக இருந்திருக்கும் என்று காட்ட வேண்டும். ஆதாரத்தை எடைபோட்ட விதம் சரியில்லை என்பது போதாது. வி.ஏ. தேடித்தர வேண்டிய ஆவணத்தைத் தேடவில்லை என்பதும் போதாது. சட்டத்துக்குப் பின்னாளில் நீதிமன்றம் வேறு விளக்கம் கொடுத்தது என்பதும் போதாது. இதை உச்ச நீதிமன்றம் 2022-இல் ஜார்ஜ் வழக்கில் உறுதி செய்தது. இந்தப் பாதைக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் வாரியத்தின் ஒரு முடிவை எதிர்த்து இந்தப் பிழையை ஒருமுறைதான் எழுப்ப முடியும். அரைகுறையாக எழுதித் தோற்றால் மறுபடி வாய்ப்பில்லை. இதை ஒருவர் தனியாக எழுதி அனுப்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, தவறவிடப்பட்ட படை ஆவணங்கள். மனநோய் வழக்குகளில் இதுதான் மிக வளமான இடம், ஆனால் பலரும் கவனிக்காத இடம். முதல் விண்ணப்பத்தை வி.ஏ. நிராகரித்தபோது ஏற்கெனவே இருந்தும் கோப்பில் சேராத அதிகாரபூர்வ படை ஆவணம் ஒன்று பின்னர் கிடைக்கிறது. அதை முழுதாகவோ பகுதியாகவோ வைத்துப் பலன் தரப்படுகிறது என்றால், வி.ஏ. அந்தப் பழைய விண்ணப்பத்தையே மீண்டும் ஆராய வேண்டும். தேதி அந்தப் பழைய விண்ணப்பம் வரை போகலாம். பி.டி.எஸ்.டி. விண்ணப்பங்கள் "சம்பவத்துக்கு ஆதாரம் இல்லை" என்ற ஒரே காரணத்தால் நிராகரிக்கப்படுவது மிகச் சாதாரணம். அந்த ஆதாரமோ படைப்பிரிவின் அன்றாடக் குறிப்பிலோ கப்பலின் பதிவேட்டிலோ தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு விலக்கு உண்டு. தேடுவதற்கு வேண்டிய விவரத்தை விண்ணப்பதாரர் அன்று கொடுக்காததால்தான் ஆவணம் கிடைக்கவில்லை என்றால் இந்த விதி உதவாது. மருத்துவமனையிலிருந்து பின்னர் வாங்கிய தனியார் அறிக்கைகளும் இதில் சேராது. படையின் ஆவணமாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவது, பதிலே சொல்லப்படாத பழைய விண்ணப்பம். 1990-களிலோ 2000-களிலோ எழுதிய கடிதத்தில் "முதுகு வலியும் நரம்புத் தளர்ச்சியும்" என்று இருந்து, வி.ஏ. முதுகுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கலாம். அப்படியானால் மற்றது இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று வாதிடலாம். இது எளிதான வாதம் அல்ல. ஒரே நேரத்தில் கேட்டவற்றில் ஒன்றுக்குப் பதில் சொன்னால் மற்றதும் மறைமுகமாக மறுக்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. கடிதத்தின் வாசகமும், மறுக்கப்பட்டது விண்ணப்பதாரருக்குப் புரிந்திருக்குமா என்பதும் இங்கே முடிவைத் தீர்மானிக்கும்.

ஒரு கோப்பைப் புரட்டிப் பார்ப்போம்

விதிகளை ஒரு கற்பனைக் கோப்பில் பொருத்திப் பார்த்தால் தெளிவாகும். ராணுவ வீரர் ஒருவர் ஈராக்கில் 2004-05-இல் பணியாற்றி 2006-இல் வெளியேறுகிறார். கோப்பில் இருக்கும் காகிதங்கள் இவை:

1. 2009 மார்ச்: பி.டி.எஸ்.டி.க்கு முதல் விண்ணப்பம். அதே ஆண்டு அக்டோபரில் மறுப்பு. காரணம், சம்பவம் உறுதிப்படவில்லை. அவர் மேல்முறையீடு செய்யவில்லை.
2. 2021 மே 10: தொலைபேசியில் முன்னறிவிப்பு. 2022 ஏப்ரல் 2: முழு விண்ணப்பம்.
3. 2022 செப்டம்பர் 15: 30 சதவீதம், 2021 மே 10 முதல்.
4. 2023 ஜூலை 20: உளவியலாளர் அறிக்கையோடு துணை விண்ணப்பம். 2024 ஜனவரி 12: சதவீதம் உயராது என்று முடிவு.
5. 2024 டிசம்பர் 5: உயர்நிலை மறுஆய்வு கேட்கிறார். 2025 ஏப்ரல்: 70 சதவீதம், 2023 ஜூலை 20 முதல்.

முதல் பார்வையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் மூன்றாவது, நான்காவது வரிகளைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15-க்குப் பின் ஓராண்டு முடிவதற்குள், 2023 ஜூலையில் அவர் அடுத்த அடியை வைத்துவிட்டார். 2024 ஜனவரிக்குப் பின்னும் அதே. சங்கிலி அறுபடவில்லை. எனவே இது புதிதாகச் சதவீதம் உயர்த்தக் கேட்ட விண்ணப்பம் அல்ல; முதல் சதவீதத்தையே எதிர்த்து நடக்கும் ஒரே வழக்கு. 2021 மே முதலே அவர் நிலை 70 சதவீதத்துக்கு ஒத்திருந்தது என்று ஆதாரம் காட்டினால் தேதி 2021 மே 10-க்குப் போக வேண்டும். இடையில் இருப்பது 26 மாத நிலுவை. அந்தக் காலத்து விகிதங்களில் 25 ஆயிரம் டாலருக்கு மேல். இடையில் நிலை மாறியிருந்தால் ஒரு காலத்துக்கு 50, அடுத்த காலத்துக்கு 70 என்று படிப்படியாகவும் கொடுக்கலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது.

இனி 2009. அன்றைய கோப்பில் இருந்த பணி விடுவிப்புச் சான்றிதழில் 'காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ்' குறிப்பிடப்பட்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். நேரடிச் சண்டையில் இருந்தவருக்குச் சம்பவம் பற்றி அவருடைய சொந்த வாக்குமூலமே போதும் என்பது அப்போதும் சட்டம்தான். சண்டையில் இருந்ததைக் காட்டும் அந்த பேட்ஜைக் கவனிக்காமல் "சம்பவம் உறுதிப்படவில்லை" என்று எழுதியது தெளிவான பிழையாகலாம். அதற்கு அன்றைய கோப்பிலேயே நோயறிதலும், சம்பவத்தோடு அதை இணைக்கும் மருத்துவக் கருத்தும் இருந்திருக்க வேண்டும். அவை இல்லையென்றால் "முடிவு நிச்சயம் மாறியிருக்கும்" என்று சொல்ல முடியாது.

பேட்ஜ் இல்லை, ஆனால் 2022-இல் அவருடைய படைப்பிரிவின் அன்றாடக் குறிப்பு கிடைத்து, முகாம் தாக்கப்பட்டது அதில் பதிவாகியிருந்தது, முடிவுக் கடிதம் அதைச் சான்றாகப் பட்டியலிட்டது என்றால் இரண்டாவது கதவு திறக்கிறது. மாறாக, 2022 முடிவு வெறும் 2010 ஜூலை விதித் தளர்வை, அதாவது எதிரித் தாக்குதல் பற்றிய அச்சமே போதும் என்பதை மட்டும் வைத்து வந்திருந்தால், இந்தக் கதவு மூடியே இருக்கும். ஆகவே கடிதத்தில் 'ஆதாரங்கள்' என்ற பட்டியலை வரிக்கு வரி படிக்க வேண்டும்.

எதைத் தேடுவது, எதை எழுதுவது

முதல் வேலை முழுக் கோப்பையும் வாங்குவது. 'சி-ஃபைல்' என்று கேட்டால் தெரியும். அதில் ஒவ்வொரு காகிதத்தின் மேலும் வி.ஏ. பெற்றுக்கொண்ட தேதி முத்திரை இருக்கும். உங்கள் நினைவில் இருக்கும் தேதியைவிட அந்த முத்திரைக்குத்தான் மதிப்பு.

நோயின் பெயரில் குழம்ப வேண்டாம். 2009-இல் பதற்ற நோய் என்று கேட்டு, 2021-இல் பி.டி.எஸ்.டி. என்று வந்தால் இரண்டும் வேறு என்று வி.ஏ. சொல்லக்கூடும். விண்ணப்பதாரர் மருத்துவர் அல்ல, அவர் கேட்டது தன் மனநல அறிகுறிகளுக்கான பலன், பெயர் எதுவானாலும் அது அந்த விண்ணப்பத்துக்குள் அடங்கும் என்று 2009-இல் கிளெமன்ஸ் வழக்கு சொல்கிறது. ஆனால் முதல் மறுப்பு இறுதியாகிவிட்டிருந்தால் இந்த வாதம் மட்டும் அதை உடைக்காது.

அடுத்தது பழைய நிலையைக் காட்டும் ஆதாரம். அன்று மருத்துவரிடம் போகாதவருக்குக் கூட வழி உண்டு. பின்னோக்கிய மருத்துவக் கருத்தை ஓர் உளவியலாளரிடம் கேட்கலாம், தேவைப்பட்டால் வி.ஏ.வே அதைப் பெற வேண்டியிருக்கும். அந்த மருத்துவர் சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டும். வேலையை விட்டு நீக்கிய கடிதம், போலீஸ் அழைப்புப் பதிவு, விவாகரத்து மனு, மனைவியின் வாக்குமூலம், கூடப் பணியாற்றியவரின் வாக்குமூலம் எல்லாம் உதவும். வாக்குமூலத்தில் "அவர் மிகவும் கஷ்டப்பட்டார்" என்று எழுதினால் எடை இல்லை. "2021 கோடையில் இரவுதோறும் எழுந்து கதவுப் பூட்டுகளைச் சரிபார்ப்பார், ஜூலை 4 வாணவேடிக்கையின்போது குளியலறையில் ஒளிந்துகொண்டார், அதே மாதம் கிடங்கு வேலையை இழந்தார்" என்று எழுதினால் மாதமும் தெரியும், அளவுகோலின் எந்தப் படியில் அவர் இருந்தார் என்பதும் தெரியும். படைக்குள் நடந்த பாலியல் தாக்குதலில் அதிகாரபூர்வப் புகார் இல்லாதபோது, திடீர் இடமாற்றக் கோரிக்கை, வேலைத் தரத்தில் வீழ்ச்சி, கர்ப்பப் பரிசோதனை போன்ற மறைமுக அடையாளங்களையும் விதி ஏற்கிறது.

இந்த வாக்குமூலத்தை எழுதுவது பழைய புண்ணைக் கிளறும் வேலை. ஒரே அமர்வில் எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இரவில் நிலை மோசமானால் அமெரிக்காவில் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி கிடைக்கும்.

யார் உதவுவார்கள், என்ன செலவு

முதல் விண்ணப்பத்துக்கு உதவ யாரும் கட்டணம் வாங்கக் கூடாது. வி.ஏ. அங்கீகரித்த முன்னாள் படைவீரர் சங்கங்கள் இலவசமாகவே உதவுகின்றன. முதல் முடிவு வந்த பிறகு, அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞரோ முகவரோ நிலுவைத் தொகையில் பங்கு கேட்கலாம். 20 சதவீதம் வரை நியாயமானது, 33.33 சதவீதத்துக்கு மேல் நியாயமற்றது என்பது விதியின் அனுமானம். அங்கீகாரம் இல்லாத 'ஆலோசகர்கள்' ஆயிரக்கணக்கில் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி வழக்குகளில் நிலுவை பெரியதாக இருப்பதால் இவர்கள் இங்கேதான் கூடுகிறார்கள்.

சதவீதத்தையும் சேர்த்து எதிர்த்தால் இருப்பதும் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். 2019 முறையில், உங்களுக்குச் சாதகமாக வி.ஏ. ஏற்ற உண்மைகள் பிற்பாடு பார்க்கும் அதிகாரியையும் கட்டுப்படுத்தும். தெளிவான பிழை இருந்தால் தவிர மாற்ற முடியாது. கடிதத்தில் 'சாதகமான கண்டறிதல்கள்' என்ற பகுதி அதற்காகத்தான் இருக்கிறது. தேதியை மட்டும் எதிர்க்க விரும்பினால் படிவத்தில் அதை மட்டும் குறிப்பிடலாம்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வீரர் இறந்துவிட்டால், தகுதியுள்ள துணைவர் ஓராண்டுக்குள் கேட்டு அவர் இடத்தில் வழக்கைத் தொடரலாம். 2008 அக்டோபர் 10 அல்லது அதற்குப் பின் நேர்ந்த இறப்புகளுக்கு இந்த உரிமை உண்டு. அதற்கான படிவ எண் 21பி-0847. நிலுவையில் வழக்கு எதுவும் இல்லாமல் அவர் இறந்திருந்தால், பழைய முடிவில் தெளிவான பிழை இருந்தது என்று அவர் பெயரில் புதிதாக வழக்கு தொடங்கத் துணைவருக்கு உரிமை கிடையாது.